மல்லாட்டைத் தோலும் முந்திரி ஓடும் நீரிலுள்ள உலோகத்தைப் பிடிக்குமா?

காடாம்புலியூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பொருள், வேளாண் கழிவுகளைக் கொண்டு நீரிலுள்ள கன உலோகங்களை நீக்குவது. மல்லாட்டைத் (நிலக்கடலை) தோல், முந்திரி ஓடு, பலாச் சடை (சுளைகளைச் சுற்றியுள்ள நார்), தென்னை நார்த்தூள் என்று ஊரில் கிடைப்பவற்றையெல்லாம் மூட்டையாகக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள்.

ஒரு லிட்டர் நீரில் ஐந்து கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) கரைத்து, அதில் இருபது கிராம் மல்லாட்டைத் தோல் தூளைப் போட்டு ஒரு நாள் வைத்தோம். மறுநாள் நீல நிறம் முற்றிலும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் நீர் மூன்றாவது கொதி டிகாக்‌ஷன் போலப் பழுப்பாகிவிட்டது. மூன்றாம் நாள் நாற்றமும் அடித்தது. இதை வெற்றி என்று எழுதிக்கொள்ளலாமா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி என்னுடையதன்று. பாட்டி வீடு கடலூர்த் தொழிற்பேட்டைப் பக்கத்துக் குடிகாட்டில் இருக்கிற ஒரு மாணவி, "இந்தத் தோலைச் சாக்கில் கட்டி உப்பனாற்றில் போட்டு வைத்தால் ஆறு சுத்தமாகிவிடாதா டீச்சர்?" என்று கேட்டாள். சரியான விடை தெரியாமல் ஆமாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

காலாப்பட்டு ஆய்வு மாணவி

வணக்கம் அம்மா. தாவரக் கழிவின் மீது உலோகம் ஒட்டுவதைப் பற்றித்தான் புதுச்சேரியில் ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். முதலில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றவை அதிலிருந்தே விளங்கும்.

தோலிலும் நாரிலும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின், டானின் ஆகியவை இருக்கின்றன. இவற்றில் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் உள்ளன. நீரில் இருக்கும்போது இத்தொகுதிகள் தம்மிடமுள்ள ஹைட்ரஜனையோ, சோடியம், பொட்டாசியம், கால்சியத்தையோ விட்டுவிட்டு, ஈயம், செம்பு, காட்மியம், நிக்கல் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. பெரும்பகுதி நடப்பது அயனிப் பரிமாற்றம்தான். அதாவது ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது.

இதற்கு ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. ஏற்றுமதிக்கு நார்த்தூள் கட்டி தயாரிக்கும் ஆலைகளில் தூளைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊற வைத்து அலசுவார்கள். தூளில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. நாங்கள் ஈயத்தை வைத்துச் செய்வதை அவர்கள் கால்சியத்தை வைத்து நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். நாங்கள் மட்டும் அதற்குக் கட்டுரை எழுதுகிறோம்!

கட்டுரைகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். "ஒரு கிராம் தூள் இத்தனை மில்லிகிராம் உலோகத்தைப் பிடித்தது" என்ற எண்ணைக் கொண்டு உலோகங்களை ஒப்பிடக் கூடாது. ஒரு கிராம் நார்த்தூளில் 0.6 மில்லி ஈக்விவலன்ட் (மின்னூட்டத்தைக் கொண்டு எண்ணும் அலகு) பரிமாற்ற இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தனையும் ஈயத்தால் நிரம்பினால் 62 மி.கி.; செம்பு என்றால் 19 மி.கி.; நிக்கல் என்றால் 17 அல்லது 18 மி.கி. இடம் அதேதான், வந்து உட்காருகிற ஆளின் எடைதான் வேறு. ஈயத்துக்கு மிகச் சிறந்த தூள் என்று பெயர் வாங்கிய பல பொருள்களின் பெருமை ஈயத்தின் அணு எடையைச் சேர்ந்தது.

அடுத்தது பி.எச். நீர் அமிலமாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகளே இடங்களை அடைத்துக்கொள்ளும். காரம் ஏறினால் உலோகம் ஹைட்ராக்சைடாகத் தானே படிந்துவிடும். அதைத் தூள் பிடித்ததாக நாம் எண்ணிக்கொள்வோம். ஈயத்துக்கும் செம்புக்கும் பெரும்பாலும் ஐந்தையொட்டிய பி.எச்.தான் பொருத்தம். ஆறு இணைதிறன் குரோமியம் மட்டும் இதற்கு நேர்மாறு. அது எதிர்மின் அயனியாகத் திரிவதால் பி.எச். இரண்டையொட்டிய அமில நீரில்தான் நன்றாக ஒட்டும். ஒட்டிய இடத்தில் தாவரப் பொருளே அதை நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றியும்விடும்.

உங்கள் பழுப்பு நீரில் இருப்பது தோலிலிருந்து இறங்கிய டானினும் அதைச் சேர்ந்த பொருள்களும். தூளை முதலில் வெந்நீரில், சாயம் இறங்குவது நிற்கும் வரை, அலசி உலர்த்த வேண்டும்.

முந்திரிக்காரர்

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். இருபத்தைந்து ஆண்டுகளாக முந்திரி உடைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை உடனே சொல்லியாக வேண்டும். பச்சை முந்திரி ஓட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஓட்டின் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய்தான். அது பட்ட இடம் கறுத்துத் தோல் உரியும். எங்கள் களத்தில் கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு உட்காருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று. இணையத்தில் எல்லாரும் முந்திரி ஓட்டைக் "கழிவு" என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் அது கழிவில்லை, சரக்கு. ஓடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது; எண்ணெய் எடுத்த சக்கை கொதிகலனுக்கு விறகாகப் போகிறது. கரும்புச் சக்கையும் அப்படித்தான். அது ஆலைக் கொதிகலனில் எரிந்து மின்சாரமாகிறது. சும்மா கிடக்கிறது என்று நினைத்துத் திட்டம் போட்டால், நாளைக்கு விலை கேட்கும்போதுதான் தெரியும். எனக்குத் தெரிந்து உண்மையில் சீந்துவாரில்லாமல் கிடப்பது பலாச் சடைதான். அதுவும் சீசனில் மட்டும்.

காலாப்பட்டு ஆய்வு மாணவி

ஐயா சொல்வது மிகச் சரி. அந்த எண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் அனகார்டிக் அமிலமும் கார்டால், கார்டனால் போன்ற ஃபீனால்களும்தான். ஆலைகள் ஆற்றில் விடும் கழிவுநீரில் ஃபீனால் லிட்டருக்கு 1 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது விதி. எண்ணெய் போக்காத ஓட்டை நீரில் போட்டால் உலோகத்தை எடுத்துவிட்டு ஃபீனாலை விட்டதாக முடியும். முந்திரி ஓட்டை வைத்து நல்ல முடிவு கண்ட ஆய்வுகள் தமிழ்நாட்டிலேயே வந்திருக்கின்றன. ஆனால் ஓட்டைப் பக்குவப்படுத்துவதிலேயே பாதி வேலை போய்விடும். வகுப்பறைக்கு மல்லாட்டைத் தோலும் நார்த்தூளும் போதும்.

கழிவுநீர்க்காரன்

தொழிற்பேட்டை ஒன்றில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன். ஆசிரியையின் சோதனையை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மயில்துத்தத்தின் எடையில் கால் பங்குதான் செம்பு. ஐந்து கிராமில் ஏறத்தாழ 1,270 மி.கி. செம்பு உண்டு. மேலே மாணவி சொன்ன கணக்கின்படி கிராமுக்கு 19 மி.கி. வீதம் பிடித்தாலும், இருபது கிராம் தூள் 380 மி.கி.க்கு மேல் எடுத்திருக்க முடியாது. மீதி 890 மி.கி. அந்தப் பழுப்பு நீருக்குள்ளேயேதான் இருக்கிறது. நீலம் போகவில்லை அம்மா, டிகாக்‌ஷனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி; அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சாக்கு மூட்டை உப்பனாற்றில் வேலை செய்யாது. உப்பனாறு கழிமுக ஆறு. கடல் ஏறி இறங்குகிற நீர். கடல்நீரில் லிட்டருக்குச் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேலும், மக்னீசியம் 1,300 மி.கி. அளவும், கால்சியம் 400 மி.கி. அளவும் இருக்கின்றன. அதில் பாதி உப்பே ஆற்றில் ஏறியிருந்தாலும், லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே கிடக்கும் காட்மியமோ ஈயமோ அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தூளில் இடம் பிடிக்க வேண்டும். ஈயத்துக்கு அந்தப் பலம் ஓரளவு உண்டு. நிக்கலுக்கும் துத்தநாகத்துக்கும் மிகக் குறைவு. காட்மியத்துக்கோ இன்னொரு சங்கடமும் சேர்கிறது. குளோரைடு அதைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால், அது மின்னூட்டம் குறைந்தோ இல்லாமலோ ஓடுகிறது. தூளின் பக்கம் திரும்பியும் பார்க்காது. காய்ச்சி வடித்த நீரில் எடுத்த எண்ணை இங்கே கொண்டுவந்து பொருத்துவது, மொட்டை மாடியில் நீச்சல் பழகிவிட்டுக் கடலில் இறங்குவது போலத்தான்.

சரி, உப்பில்லாத குடிநீர் என்றால்? அங்கே தடை வேறு. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.01 மி.கி. ஒரு தூள் கிராமுக்கு 30 மி.கி. பிடிக்கும் என்று கட்டுரை சொல்கிறது. ஆனால் அது நீரில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ஈயம் இருக்கும்போது பிடிப்பது. நீரில் எவ்வளவு இருந்தால் தூளில் எவ்வளவு ஒட்டும் என்று கணக்கிட 1918இல் லாங்மியர் தந்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 10 மி.கி. இருக்கும்போது பாதி நிரம்பும் தூள் என்று கொண்டால், 0.01 மி.கி. மட்டுமே மிஞ்ச வேண்டிய நீரில் அதே தூள் கிராமுக்கு 0.03 மி.கி.தான் ஏற்கும். முப்பது எங்கே, 0.03 எங்கே? 0.1 மி.கி. ஈயம் உள்ள நீரை 0.01க்கு இறக்க லிட்டருக்கு மூன்று கிராம் தூள் வேண்டும். இருபது லிட்டர் குடத்துக்கு அறுபது கிராம். அதுவும் தினமும் புதிதாக.

பிறகு எங்கேதான் பயன் என்றால், குழாயின் முனையில். உலோகம் ஆற்றில் கலந்து பரவிய பின் அல்ல, பட்டறையை விட்டு வெளியே வருமுன். ஒரு சிறிய முலாம் பூசும் பட்டறையின் அலசு நீர் நாளொன்றுக்கு 1,000 லிட்டர், அதில் நிக்கல் லிட்டருக்கு 20 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 கிராம் நிக்கல். தூள் நடைமுறையில் கிராமுக்கு 5 மி.கி. பிடித்தால் நாளுக்கு நான்கு கிலோ தூள். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 1.2 டன். இது கையாளக்கூடிய அளவு. சுண்ணாம்பு போட்டு நிக்கலை நன்றாகப் படிய வைக்கப் பி.எச்.ஐப் பத்து வரை ஏற்ற வேண்டும். பிறகு அமிலம் விட்டு இறக்க வேண்டும். சேற்றைப் பிழிய வேண்டும். செறிவு அதிகமான நீருக்கு அதுதான் வழி. ஆனால் சுண்ணாம்புக்குப் பிறகு மிஞ்சும் கொஞ்சத்தைத் துடைத்தெடுக்க, உப்புக் குறைந்த அலசு நீராக இருந்தால், நார்த்தூள் தொட்டி நிச்சயம் உதவும்.

ஆனால் அந்த 1.2 டன் தூள் இப்போது உமி, நார் என்ற கணக்கில் வராது. சட்டப்படி அது அபாயக் கழிவு. எருக்குழியில் கொட்டினாலோ, அடுப்பில் எரித்துச் சாம்பலை வயலில் தூவினாலோ, பிடித்த உலோகத்தை மறுபடியும் அவிழ்த்துவிட்டதாகும். நீர்த்த அமிலத்தில் அலசி உலோகத்தைத் திரும்ப எடுக்கலாம். முலாம் பட்டறை அந்தக் கரைசலைத் தொட்டிக்கே திருப்ப முடிகிற இடங்களும் உண்டு. இல்லாவிட்டால் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அபாயக் கழிவு நிலநிரப்பு மையத்துக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டும். நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை "மலிவான, இயற்கையான முறை" என்று முடிகின்றன. இந்தக் கடைசிச் செலவைக் கூட்டியபின் மலிவா என்று எழுதியவர்கள் மிகச் சிலர்.

உப்பனாற்றுக் கரை

மேலே உள்ளவர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். நான் படித்தவனில்லை, வலை போடுகிறவன். ஆற்று நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வடியும். மேலே ஓடுகிற நீரை இன்று அளந்தால் ஓர் எண் வரும், நாளை வேறு எண் வரும். அடியில் கிடக்கும் கருஞ்சேறுதான் ஆண்டுக்கணக்காக எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது. வற்று நேரத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். சாக்கை நீரில் தொங்கவிட்டால் சேற்றில் இருப்பதை யார் எடுப்பது?

காலாப்பட்டு ஆய்வு மாணவி

ஐயா, படிக்காதவர் என்று சொல்லிக்கொண்டு எங்கள் பாடத்தின் நடுப்புள்ளியைத் தொட்டுவிட்டீர்கள். அந்த முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றுப் புகாத சேற்றில் சல்ஃபைடு உலோகத்தை இறுகப் பிடித்து வைத்திருக்கும். சேற்றைக் கிளறிக் காற்றுப் படவிட்டால் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து உலோகம் மறுபடி நீருக்கு வரும். ஆகவே எடுப்பதா, அப்படியே விடுவதா என்பதே பெரிய கேள்வி. அதற்குத் தாவரத் தூளில் விடை இல்லை.

கழிவுநீர்க்கார ஐயாவின் குடிநீர்க் கணக்கில் மட்டும் ஒரு திருத்தம். குடத்தில் தூளைப் போட்டுக் கலக்கி வடித்தால் அவர் சொன்ன மூன்று கிராம் சரி. ஆனால் தூளைக் குழாயில் அடைத்து நீரை மெல்ல விட்டால், மேல் அடுக்குத் தூள் எப்போதும் 0.1 மி.கி. உள்ள புதுநீரைப் பார்க்கிறது. அந்தச் செறிவுக்கு ஏற்றபடி கிராமுக்கு 0.3 மி.கி. வரை நிரம்பும். அப்போது ஒரு கிராம் தூள் மூன்று லிட்டருக்குத் தாங்கும்; இருபது லிட்டர் குடத்துக்கு ஏழு கிராம் போதும். ஏறத்தாழ ஒன்பது மடங்கு வேறுபாடு.

கழிவுநீர்க்காரன்

ஒப்புக்கொள்கிறேன். குடத்தில் கலக்குவதை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. ஆனாலும் வீட்டுக் குடிநீருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்தில் ஊறும் தூளில் மூன்றாம் நாள் என்ன வளர்கிறது என்பதை ஆசிரியையின் மூக்கே சொல்லிவிட்டது.

காடாம்புலியூர் ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறேன். தூளை ஐந்து முறை வெந்நீரில் அலசினோம். ஐந்தாவது முறைதான் நீர் தெளிந்தது. மயில்துத்தத்தை லிட்டருக்கு அரை கிராமாகக் குறைத்துக்கொண்டோம். அந்த அளவில் நீலம் கண்ணுக்கே தெரியாது என்பதால், வடித்த நீரில், செம்பு இருந்தால் அடர்நீலம் காட்டும் அம்மோனியாக் கரைசலை விட்டு, உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அடியில் வெள்ளைத் தாள் வைத்து மேலிருந்து பார்த்தோம். தூள் போடாத குவளை நல்ல நீலமாகவும், தூள் போட்டது ஏறக்குறைய நிறமற்றும் இருந்தன. இம்முறை ஒளிந்துகொள்ளப் பழுப்பு இல்லை.

உப்பின் பேச்சை நேரில் பார்க்க விரும்பி, காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக ஒரு மாணவன் வீட்டு போர் தண்ணீரில் துத்தத்தைக் கரைத்தோம். கடினநீர், பாத்திரத்தில் வெள்ளை படியும். அதில் செம்பு அதிகம் மிஞ்சும் என்று எதிர்பார்த்தால், முன்னைவிடவும் சுத்தமாகப் போய்விட்டது! உப்பு தடுக்கும் என்று நீங்கள் சொன்னதற்கு இது முரணாக இருக்கிறதே?

காலாப்பட்டு ஆய்வு மாணவி

தூளே போடாமல் அந்த போர் தண்ணீரில் துத்தத்தை மட்டும் கரைத்து ஒரு குவளை வைத்தீர்களா அம்மா?

காடாம்புலியூர் ஆசிரியை

வைக்கவில்லை. நேற்று வைத்தோம். வெட்கமாக இருக்கிறது, தூளே இல்லாத குவளையிலும் காலையில் அடியில் வெளிர்நீலப் படிவு மாவு போலக் கிடந்தது, மேலே நீர் தெளிந்திருந்தது. போர் தண்ணீரின் பைகார்பனேட்டே செம்பைப் படிய வைத்திருக்கிறது. தூளுக்குப் போக வேண்டிய பெயர் தண்ணீருக்குப் போய்விட்டது. "அப்போ நம்ம தோல் ஒன்றுமே செய்யலையா?" என்று ஒருவன் முகம் வாடிப் போனான்.

பிறகு காய்ச்சி வடித்த நீரிலேயே கால்சியம் குளோரைடைக் கரைத்து, தூள் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு குவளைகள் வைத்தோம். இதில் படிவு இல்லை. தூள் போட்ட குவளையில் இம்முறை நீலம் தெளிவாக மிஞ்சியது. உப்பில்லாத நீரில் மிஞ்சியதைவிடக் கூடுதல். குடிகாட்டுப் பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்காட்சியில் சாக்கு மூட்டைப் படத்தை எடுத்துவிட்டு, இந்த நான்கு குவளைகளையும் வைக்கலாம் என்று அவளே சொன்னாள்.

இப்போது என் மேசையில் செம்பு பிடித்த தூள் அரைக் கிலோ இருக்கிறது. தோட்டத்துச் செடிக்குப் போடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் தொட விடவில்லை.

கழிவுநீர்க்காரன்

நல்லது செய்தீர்கள். தூளை நிழலில் உலர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, "செம்பு ஏறிய தூள்" என்று தேதியோடும் எடையோடும் எழுதி ஒட்டுங்கள். வடித்த நீரையும், கேனில் மிஞ்சிய துத்தக் கரைசலையும் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். சலவைச் சோடா போட்டால் செம்பு படிந்துவிடும், அந்தப் படிவையும் அதே டப்பாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மோனியா விட்ட குவளை நீரில் மட்டும் செம்பு எளிதில் படியாது. அதைத் தனி பாட்டிலில் மூடி வையுங்கள். வேதியியல் ஆய்வகக் கழிவைச் சேர்த்து அனுப்பும் கல்லூரி எது பக்கத்தில் இருக்கிறது என்று விசாரித்து இரண்டையும் அங்கே ஒப்படையுங்கள். கண்காட்சியில் நான்கு குவளைக்குப் பக்கத்தில் அந்த டப்பாவையும் ஐந்தாவதாக வைத்தால் இன்னும் நல்லது.

காடாம்புலியூர் ஆசிரியை

வைக்கிறோம் ஐயா. டப்பாவின் எடை 512 கிராம், எழுதி ஒட்டியாகிவிட்டது.